சொக்கிலேற் பெட்டியும் ஏடு தொடக்கலும்

எண்பத்தாறாம் ஆண்டு நவராத்திரி நேரம் எங்கள் ஹைமில் ஏடு தொடக்கும் வயதில் இரண்டு பிள்ளைகள் இருந்தார்கள். ஒன்று என் மகன். மற்றது கடைசி அறையில் இருந்தவர்களின் மகள். விஜயதசமியன்று என் மகனுக்கு அரிசியில் கைபிடித்து எழுதுவிப்பது என்று முதலே முடிவாகிவிட்டது. அந்தப் பிள்ளைக்கு எழுதுவிப்பார்களா என்பதுதான் தெரியவில்லை.

ஹைம் என்று நாங்கள் சொல்வது அகதிகளைக் கொண்டுபோய் வைத்திருந்த வீட்டை. ஜேர்மனியில், ஹனோவரில் இருந்து ரெயிலில் போகிற ஒரு சின்ன ஊரில், முன்பு விடுதியாக இருந்த பழைய கட்டடம் அது. ஒரு குடும்பத்துக்கு ஒரு அறை. சமைக்கிற குசினி எல்லாருக்கும் பொது. குசினிக்குப் பக்கத்தில் ஒரு காலத்தில் உருளைக்கிழங்கு அடுக்கி வைத்த சின்ன அறை ஒன்று சும்மா கிடந்தது. அதைக் கழுவித் துடைத்து, கலண்டரில் வந்த அம்மன் படத்தைக் கண்ணாடிச் சட்டத்துக்குள் போட்டு வைத்தோம். அதுதான் எங்கள் கோயில். எவ்வளவு சாம்பிராணி போட்டாலும் கிழங்கு மணம் போகாது. அம்மாள் அதைப் பெரிதாக எடுத்ததாகத் தெரியவில்லை. நான் கேட்ட எல்லாவற்றையும் அவ தந்தா.

அங்கே ஐயர் இல்லை. ஊரில் கோயில் நிர்வாகம் பார்த்த குடும்பத்தில் வந்த ஒருவர் மணியடித்துத் தீபம் காட்டுவார். அவரை எல்லாரும் பூசை அண்ணை என்றுதான் கூப்பிடுவோம். நல்ல மனிசன். என் மகனுக்குக் காய்ச்சல் வந்தபோது மழைக்குள் நடந்துபோய் டொக்டரைக் கூட்டிவந்தவர். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

கடைசி அறைக்காரரும் பூசை அண்ணையும் ஒரே ஊர்ப்பக்கம். ஆனால் கடைசி அறைக்காரருடைய ஆட்களை அந்த ஊர்க் கோயிலுக்குள் விடுவதில்லை. ஜேர்மனிக்கு வந்த பிறகு அப்படியெல்லாம் யாரும் வாய் திறந்து சொல்லவில்லை. சொல்லாமலே நடந்தது. பூசை நேரம் அந்தக் குடும்பம் வாசலுக்கு வெளியே, குசினிக்குள் நின்று கும்பிடும். உள்ளே இடமில்லை என்பது பேச்சு. இடம் இல்லைத்தான். ஆனால் ஒவ்வொரு நாளும் இடமில்லாமல் போனது அவர்களுக்கு மட்டும்தான்.

நவராத்திரி தொடங்கின அன்று அந்தப் பிள்ளையின் தாய் பாத்திரம் கழுவும் இடத்தில் என்னிடம் வந்தா.

"அக்கா, பிள்ளைக்கும் ஏடு தொடக்க வேணும். பூசை அண்ணையிட்டக் கேட்டுச் சொல்லுவீங்களே? நான் கேட்டா அவருக்கு ஒரு மாதிரி இருக்கும்."

கேட்டேன். அவர் திரியை உருட்டிக்கொண்டே, "அவையின்ர பக்கத்தில அப்பிடி வழக்கமில்லைப் பிள்ளை. பாப்பம்," என்றார். நான் திரும்பி வந்து, "பாப்பம் எண்டவர்," என்பதை மட்டும் சொன்னேன்.

இப்படி இருக்கும்போதுதான் அந்த நிகழ்ச்சி தொலைக்காட்சியில் போனது.

கீழே பொது அறையில் யாரோ தேவாலயத்து ஆட்கள் கொடுத்த பழைய தொலைக்காட்சிப் பெட்டி ஒன்று இருந்தது. பின்னேரப் பூசை முடிந்து, சுண்டலைக் கையில் வாங்கிக்கொண்டு எல்லாரும் அதன் முன்னால் போய் இருப்போம். எங்களோடு கானாவில் இருந்து வந்த ஒருவரும் இருப்பார். அவருக்குச் சுண்டல் என்றால் உயிர். ஜேர்மன் பாசையும் எங்களை விட அவருக்கு நன்றாக விளங்கும். அவர் இங்கிலிசில் சொல்ல, என் கணவர் தமிழில் சொல்லுவார். சிரிப்பு எங்களிடம் வந்துசேரக் கொஞ்சம் நேரமாகும்.

அன்று போனது ஒரு பகிடி நாடகம். ஒரு பணக்கார ஜேர்மன் கிழவர் காலையில் கதவைத் திறக்கிறார். வாசலில் ஒரு அதிகாரி, அவருக்குப் பின்னால் ஒரு கறுப்புக் குடும்பம். "உங்கள் பூட்டனார் அடிமைகளை ஏற்றின கப்பலில் பங்கு வைத்திருந்தார். அந்த ஆட்களின் பேரப்பிள்ளைகள் இவர்கள். நட்டஈடு கொடுங்கள்," என்கிறார் அதிகாரி. கிழவர் பேரம் பேசுகிறார். ஆபிரிக்காவுக்குப் பழைய உடுப்புக் கொடுத்திருக்கிறேன், அதைக் கழியுங்கள் என்கிறார். எனக்குக் கறுப்பர் பாட்டுப் பிடிக்கும், அதையும் கழியுங்கள் என்கிறார். கழித்துக் கழித்துக் கடைசியில் ஒரு சொக்கிலேற் பெட்டிக்கு ரிபன் கட்டிக் கொடுக்கிறார். கொடுத்துவிட்டு, நன்றி சொல்லமாட்டீர்களா என்று கோபிக்கிறார்.

கானாக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். அவருடைய தகப்பனுக்கு ஊரில் கொக்கோத் தோட்டம். சொக்கிலேற் செய்கிற கொட்டை அங்கே இருந்துதான் வருகிறதாம். தகப்பன் ஒருநாளும் சொக்கிலேற் தின்று பார்க்கவில்லையாம். பிறகு தொலைக்காட்சியில் தெரிந்த கறுப்புத் தாயைக் காட்டி, "அது வெள்ளைக்காரி. சப்பாத்து மை பூசியிருக்கிறாள்," என்றார்.

எங்கள் ஆட்கள் உடனே வாதம் தொடங்கிவிட்டார்கள்.

"செத்தவன் செய்ததுக்கு இருக்கிறவன் ஏன் கட்டவேணும்? அந்தக் கிழவன் ஆரையும் கப்பலில ஏத்தினவனே?" என்றார் என் கணவர்.

"கட்டட்டும் அண்ணை," என்றார் மாடி அறையில் இருந்த கலியாணம் ஆகாத தம்பி. "கட்டத் தொடங்கினா எங்களுக்கும் வரும். வெள்ளைக்காரன் எங்கட தேயிலை எல்லாம் கொண்டுபோனவன்தானே."

"நீ தேயிலைச் செடியைக் கண்ணால கண்டிருக்கிறியே?"

"கோப்பைக்குள்ள கண்டிருக்கிறன். அது காணாதே?"

எல்லாரும் சிரித்தார்கள். பூசை அண்ணை சிரிக்கவில்லை. அவருக்கு நாடகம் நெஞ்சில் பட்டுவிட்டது. கதிரையின் நுனிக்கு வந்து கையை நீட்டிச் சொன்னார்:

"பகிடி இல்லை. கட்டத்தான் வேணும். பரம்பரை பரம்பரையா ஒருத்தனிட்ட வேலை வாங்கிப்போட்டு, அவனை மனிசனா மதிக்காமல் வாசலில விட்டுப்போட்டு, இப்ப நான் செய்யேல்லை எண்டு சொன்னாச் சரியே? அந்த வேலையில வந்த வீட்டிலதானே அந்தக் கிழவன் இருக்கிறான்? கடவுள் இதெல்லாம் கணக்கில வைக்காமல் விடுவாரே?"

கடைசி அறைக்காரர் எப்போதும் கதவடியில் சுவரில் சாய்ந்துகொண்டு நின்றுதான் பார்ப்பார். கதிரை இருந்தாலும் இருக்கமாட்டார். அவர் நின்ற இடத்தில் இருந்தே கேட்டார்.

"அண்ணை, அப்ப எனக்கு?"

"என்ன உனக்கு?"

"என்ர ஐயா உங்கட வளவிலதான் மாரி, கோடை பாராமல் நிண்டவர். தென்னம்பிள்ளை எல்லாம் அவர் கிண்டின கிடங்கில வைச்சதுதான். தேருக்கு வடம் திரிச்சுக் குடுத்தவர், தேரைத் தூர நிண்டு பாத்தவர். நீங்கள் இப்ப சொன்னதெல்லாம் அவருக்கும் சரியாத்தானே வருகுது?"

பெட்டியில் ஏதோ பாட்டுப் போனது. தேயிலைக்குக் காசு கேட்ட தம்பி சுண்டலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது வேறை, இது வேறை," என்றார் பூசை அண்ணை. "நாங்கள் ஆரையும் சங்கிலி போட்டு வித்தனாங்களே? வருசத்துக்கு நெல்லுக் குடுத்தம், உடுப்புக் குடுத்தம்..."

"கழியுங்கோ," என்றார் கடைசி அறைக்காரர். "நெல்லைக் கழியுங்கோ, உடுப்பைக் கழியுங்கோ. அந்தக் கிழவன் மாதிரி."

பூசை அண்ணை எழும்பிவிட்டார். என் கணவரும் எழும்பினார். சத்தம் கேட்டு வீட்டுப் பொறுப்பாளரான ஜேர்மன்காரர் எட்டிப் பார்த்து, சண்டையா என்று கேட்டார். என் கணவர் பெட்டியைக் காட்டி, "நைன், நைன், பில்ம்," என்றார்; இல்லை, படம்தான் என்று. அவர் சந்தேகத்தோடு எங்களையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போனார்.

கானாக்காரருக்கு ஒன்றும் விளங்கவில்லை. என்ன பிரச்சினை என்று கேட்டார். மாடித் தம்பிதான் இங்கிலிசில் மெதுவாகச் சொன்னார். கேட்டுவிட்டு அவர் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார்.

"எனக்கு நீங்கள் எல்லாரும் ஒரே ஆக்கள்தான். யார் எது என்று நான் எப்படிக் கண்டுபிடிக்கிறது?" என்றார்.

பிறகு தானாகவே ஒன்று சொன்னார். அவருடைய தாய் வழியில் யாரையோ முன்காலத்தில் வாங்கிக்கொண்டு வந்தார்களாம். வாங்கினது வெள்ளைக்காரர் இல்லை, பக்கத்து ஊரார். இன்றைக்கும் வீட்டில் அதைக் கேட்கக்கூடாதாம். கேட்டால் தாய் அழுவாவாம். இதை என் கணவர் தமிழில் சொல்லி முடித்த பிறகு யாருக்கும் பகிடி வரவில்லை.

போகிறபோது கடைசி அறைக்காரர் பூசை அண்ணைக்கு முன்னால் வந்து நின்றார்.

"அண்ணை, நான் காசு கேக்கேல்லை. என்ர பிள்ளை அம்மாளுக்கு முன்னால இருந்து ஏடு தொடக்க வேணும். ஓம் எண்டோ ஏலாது எண்டோ சொல்லுங்கோ. பாப்பம் எண்டு சொல்லாதேங்கோ."

பூசை அண்ணை மேலே போய்விட்டார்.

அடுத்த நாள் அவர் எங்கள் அறைக்கு வந்தார். நித்திரை கொள்ளாத முகம். தேத்தண்ணி கொடுத்தேன், குடிக்காமல் கையில் வைத்திருந்தார்.

"கொண்டுவரச் சொல்லு பிள்ளை. நான் எழுதுவிக்கிறன். ஆனா உன்ர மகனுக்கு முதல் எழுதி, பூசையும் முடியட்டும். எல்லாரும் போன பிறகு அந்தப் பிள்ளைக்குச் செய்வம்."

அவர் மனதில் அது பெரிய விட்டுக்கொடுப்பு. எனக்கும் அப்போது அப்படித்தான் பட்டது. ஓடிப்போய்ச் சொன்னேன். தாய்க்குக் கண் கலங்கிவிட்டது. "பிறகு எண்டாலும் பரவாயில்லை அக்கா, எழுதினாக் காணும்," என்றா.

தகப்பன் சப்பாத்துக்கு நூல் கட்டிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்து, "சொக்கிலேற் தாறார்," என்றார்.

விஜயதசமியன்று காலையில் கிழங்கறையில் கோலம் போட்டு, பாயை விரித்து, பெரிய தட்டில் பச்சரிசியைப் பரப்பி அம்மாளுக்கு முன்னால் வைத்தேன். ஹம்பேர்க் ஸ்டேசனுக்குக் கிட்டவுள்ள கடையில் தெரிந்தவர் ஒருவர் வாங்கி அனுப்பின அரிசி. என் மகனுக்கு வேட்டி நிற்கவில்லை, ஒருவர் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது. பூசை அண்ணை தீபம் ஏற்றித் திரும்பி, "பிள்ளையைக் கொண்டாங்கோ," என்றார்.

நான் மகனைத் தூக்குவதற்குள் கடைசி அறைக்காரர் குசினிக்குள்ளால் வந்தார். கையில் மகள், பச்சைப் பட்டுச்சட்டை போட்டிருந்தது. வாசலில் நிற்கவில்லை. நேராக உள்ளே வந்து, பாயில் சம்மணம் கட்டி இருந்து, பிள்ளையை மடியில் வைத்தார். தட்டை இழுத்தார். பிள்ளையின் விரலைப் பிடித்தார்.

"நீங்கள் எழுதுவிக்க வேண்டாம் அண்ணை. நான் எழுதுவிக்கிறன். என்ர பிள்ளைதானே. நீங்கள் அம்மாளுக்குத் தீபத்தைக் காட்டுங்கோ."

அவர் அதிகம் படித்தவர் இல்லை. அ எழுதுவதற்கு மூன்று தரம் அழித்தார். பிள்ளைக்குக் கூச்சம் வந்து சிரித்தது. தாய் வாசலில் நின்று வாயைப் பொத்திக்கொண்டிருந்தா. நாங்கள் எல்லாரும் பூசை அண்ணையைத்தான் பார்த்தோம். வெளியே போ என்று சொல்லுவாரோ, மணியை வைத்துவிட்டுத் தானே போய்விடுவாரோ என்று பயந்தேன். அவர் கொஞ்ச நேரம் தட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அம்மாளுக்குத் தீபத்தைக் காட்டினார். மணியும் அடித்தார். காட்டிவிட்டுக் கற்பூரத் தட்டை அவர்கள் பக்கம் நீட்டினார். கை முழுதாக நீளவில்லை. தகப்பன்தான் முன்னுக்குச் சரிந்து, பிள்ளையின் கையையும் சேர்த்துத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அவர்கள் எழும்பிய பிறகு என் மகனின் முறை. பூசை அண்ணை தட்டைப் பார்த்து, என்னிடம் சின்னக் குரலில் சொன்னார்.

"பிள்ளை, அரிசியை மாத்துவம்."

என் கணவர் என்னைப் பார்த்தார். அந்தப் பிள்ளையின் தாயும் பார்த்தா. அவவுக்கு அது கேட்டுவிட்டது.

"வேறை பச்சரிசி இல்லை அண்ணை," என்றேன்.

எங்கள் அறை அலுமாரிக்குள் அரைப் பை இருந்தது. அம்மாளுக்கு முன்னால் நின்று பொய் சொன்னேன். அன்றிரவே அம்மாளிடம் சொல்லிவிட்டேன். வேறு யாரிடமும் சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை.

பூசை அண்ணை கையால் அரிசியைத் தடவிச் சமப்படுத்தினார். தடவ முன்னம் கொஞ்சம் யோசித்தார், ஆனால் தடவினார். அந்தப் பிள்ளையின் அ அழிந்தது. என் மகனை மடியில் வைத்து, அதே அரிசியில் எழுதுவித்தார்.

மத்தியானம் அந்த அரிசியில் பொங்கினேன். கடைசி அறைக்காரர் குடும்பத்தோடு வந்து எங்களோடு மேசையில் இருந்து சாப்பிட்டார். பூசை அண்ணைக்கும் ஒரு தட்டுப் போட்டேன். தனக்கு அன்று விரதம் என்று ஒரு வாழைப்பழத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மேலே போனார். தசமியில் என்ன விரதம் என்று ஒருவரும் கேட்கவில்லை. நான் அந்தத் தட்டை மூடி வைத்தேன். பின்னேரம் போய்ப் பார்த்தபோது தட்டு வெறுமையாக இருந்தது. அவர்தான் சாப்பிட்டாரோ, மாடித் தம்பிதான் சாப்பிட்டாரோ, எனக்கு இன்று வரைக்கும் தெரியாது.