ஒரு வகை பண்ணலாம்

ஓசூரில் நான் வேலை பார்க்கும் தொழிற்சாலையில் கேன்டீனுக்கு வெளியே வரிசையாகக் கை கழுவும் குழாய்கள் உண்டு. பேறுகால விடுப்பு முடிந்து திரும்பிய முதல் வாரம், அதில் ஒன்றைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன். தண்ணீர்ச் சத்தத்தில் யாருக்கும் கேட்காது என்ற நினைப்பு. பின்னால் வந்து நின்ற எங்கள் லைன் லீடர் அக்கா முதலில் குழாயை மூடினார். பிறகு, "அழுவாத கண்ணு, ஒரு வகை பண்ணலாம்" என்றார்.

அக்காவின் அகராதி லைனில் எல்லோருக்கும் அத்துப்படி. 'முடியாது' என்ற சொல்லே அதில் கிடையாது. 'வழி இருக்குது' என்றால் காரியம் முடிந்தது, நிம்மதியாகத் தூங்கலாம். 'தோது பண்ணலாம்' என்றால் இன்னொருவர் மனசு வைக்க வேண்டும். 'உபாயம்' என்றால் உள்ளே சின்னதாக ஒரு பொய் இருக்கும். பெண் பார்க்க வருகிறார்கள் என்று சொல்லக் கூச்சப்பட்டவளுக்கு அக்காதான் வயிற்றுவலி வரவழைத்து லீவு வாங்கித் தந்தார். 'மார்க்கம்' என்று இழுத்தால் தெய்வத்திடம் விட்டாயிற்று என்று பொருள். கன்னடக்கார மேனேஜரிடமும் தெலுங்குக்கார கான்ட்ராக்டரிடமும் இரண்டு மொழியிலும் வழி என்று பொருள்படும் 'தாரி' என்ற ஒரே சொல்லை வைத்துக் காரியம் சாதிப்பார். சிங்காரப்பேட்டைக்காரிக்கு எத்தனை வாய் என்று தேனிக்காரியான நான் கேலி செய்வேன். ஆனால் 'வகை' என்று அவர் சொல்லி நாங்கள் கேட்டதில்லை. அது நல்லதா கெட்டதா என்று தெரியாமல் முழித்தேன்.

என் சங்கடம் இதுதான். என் வீட்டுக்காரருக்கு வேறொரு கம்பெனியில் முதல் ஷிப்ட், எனக்கு இரண்டாவது. என் பஸ் கிளம்பி அவர் பஸ் வந்து சேர்வதற்குள் மதியத்தில் இரண்டு மணி நேரம் இடைவெளி. அந்த நேரத்தில் கைக்குழந்தையை யார் பார்ப்பது? அந்த ஒரு வாரம் மட்டும் பக்கத்து வீட்டுக்காரி பஸ் நிறுத்தத்துக்கு வந்து பிள்ளையை வாங்கிக்கொண்டாள். ஒருவர் சம்பளத்தில் ஓசூரில் குடும்பம் ஓடாது. பிள்ளையை ஊரில் விட்டுவிடு, நாங்கள் வளர்க்கிறோம் என்று மாமியார் சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை கொண்டுபோய் விடுவதாக இருந்தது. பெற்ற வயிறு கேட்குமா?

சனிக்கிழமை மதியம் பஸ் நிறுத்தத்தில் அக்கா நின்றிருந்தார். குழந்தையை என் இடுப்பிலிருந்து வாங்கிக்கொண்டு, பிள்ளையை ஊருக்கு அனுப்பாதே, பஸ்ஸில் ஏறு என்றார். அன்று அவருக்கு லீவு என்று நினைத்தேன். திங்களன்றும் வந்தார், செவ்வாயன்றும் வந்தார். தலை கலைந்திருக்கும், கண் சிவந்திருக்கும். லைனில் புது லீடர் வந்து நின்ற பிறகுதான் விஷயம் தெரிந்தது. ஆண்களே முகம் சுளிக்கிற நைட் ஷிப்டை அக்கா தானாகக் கேட்டு வாங்கியிருக்கிறார். காலையில் வீடு திரும்பிப் படுத்து, பாதித் தூக்கத்தில் எழுந்து என் பிள்ளைக்காக வந்துகொண்டிருந்தார். கேட்டால், பகல் வெயிலில் எவளுக்குத் தூக்கம் வரும் என்று சிரித்து மழுப்புவார். மகள் நடந்து பால்வாடிக்குப் போகும்வரை அது நடந்தது. எந்த நன்றிக்கடனில் அதைச் சேர்ப்பது?

போன மாதம் அக்காவின் மகனுக்கு சிங்காரப்பேட்டையில் கல்யாணம். அவன் அக்காவின் தாயாரிடம் வளர்ந்தவன் என்பது மட்டும் எங்களுக்குத் தெரியும். ஆறாவது படிக்கும் மகளோடு போயிருந்தேன். மணமேடையிலிருந்து மாப்பிள்ளை, "அக்கா, தாலி எங்க வெச்ச?" என்று கூப்பிட்டான். அவனுக்கு ஏது அக்கா என்று திரும்பிப் பார்த்தேன். எங்கள் லைன் லீடர் அக்காதான் தாலித் தட்டை எடுத்துக்கொண்டு ஓடினார்.

பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்தபோது, நான் கேட்காமலே சொன்னார். "பால்குடி மறக்கறதுக்குள்ள அம்மாகிட்ட உட்டுட்டு வேலைக்கு வந்துட்டேன். எந்தம்பிங்க கூப்புடறதக் கேட்டு அவனும் அக்கான்னே பழகிட்டான். அப்பறம் மாத்த முடியல. அன்னிக்கு எனக்கு ஒரு வழியும் தெரியல கண்ணு."

மறுபக்கம் உட்கார்ந்திருந்த என் மகள் தன் அப்பளத்தை நொறுக்கித் தின்றுவிட்டு, "அம்மா, உன் அப்பளத்தக் குடும்மா" என்றாள். நான் அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா தன் இலையில் இருந்ததை எடுத்து அவள் இலையில் வைத்தார்.