கீழ்க்கோடு இல்லாத ‘ப’

மடியில் வைத்த இரும்பு, சாக்குத் துணியையும் என் டவுசரையும் தாண்டித் தொடையில் சில்லென்று ஏறியது. பஸ் குலுங்கும்போதெல்லாம் அது உருண்டுவிடாமல் இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டேன், கைக்குழந்தையை வைத்திருப்பதுபோல. ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டிப் போகும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்த அப்பா அதை ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

அப்போது நான் ஐந்தாம் வகுப்பு. அப்பா ஒரு பஞ்சு அரவை ஆலையில் ‘பிட்டர்’. பருத்தியிலிருந்து கொட்டையைப் பிரிக்கிற எந்திரங்களையெல்லாம் சுழற்ற, கூரையை ஒட்டி நீளமான இரும்புத் தண்டு ஒன்று ஓடும். அதை ஆலையில் ‘சாப்டு’ என்பார்கள். அதற்கு எண்ணெய் விடுவதும் பழுது பார்ப்பதும் அப்பாவின் வேலை. ஒருநாள் வேலை நடந்துகொண்டிருக்கும்போதே அந்தத் தண்டு ஒடிந்து, அதில் மாட்டியிருந்த சக்கரத்தோடு கீழே விழுந்தது. கீழே பருத்தி அள்ளிப்போட்டுக்கொண்டிருந்த சுந்தரம் மாமா இறந்துபோனார்.

சுந்தரம் மாமா சொந்தக்காரர் இல்லை. இரண்டு பக்கமும் வரிசையாக வீடுகள் கொண்ட எங்கள் ‘வளவில்’ எதிர்வீடு. என்னை எப்போதும் ‘ஏலே, அரை டிக்கெட்டு’ என்றுதான் கூப்பிடுவார். அவர் போன மறுநாளிலிருந்து குழாயடியில் ஒரே பேச்சு. பிட்டர் எண்ணெய் விடாமல் விட்டதால்தான் தண்டு சூடேறி ஒடிந்தது என்றார்கள். “ஒரு சொட்டு எண்ணெய்க்குக் கையி வரல, ஒரு உசுரு போச்சு” என்று யாரோ சொன்னது எங்கள் வீட்டுக்குள் வரைக்கும் கேட்டது. அம்மா குடத்தைப் பாதியிலேயே தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். அப்பா சாப்பிடுவதை நிறுத்தியிருந்தார்.

முதலாளி அப்பாவைக் கூப்பிட்டு, “இரும்புல குத்தமா, உன் கையில குத்தமான்னு தெரிஞ்சுட்டு வா” என்று சொல்லி, தெரிந்த இன்ஜினியரிங் கல்லூரி ஒன்றுக்கு, ஒடிந்த முனையை வெட்டிக் கொடுத்தனுப்பினார். புறப்படும்போது அம்மா என் காதில் சொன்னாள்: “ஏலே, நீயும் கூடப் போ. அவியளத் தனியா விட்டுறாத.” ஏன் என்று நான் கேட்கவில்லை. அப்பா குனிவதற்குள் சாக்கை நான் தூக்கிக்கொண்டேன்.

கல்லூரியில் ஒரு டீச்சர் அம்மா அதை வாங்கிக்கொண்டார். ஒடிந்த முகத்தை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்து, பூதக்கண்ணாடியை என்னிடமும் கொடுத்தார். பார்த்தால், கண்மாயில் தண்ணீர் வற்ற வற்றக் கரையில் வரிவரியாகத் தடம் விழுமே, அதுபோல வளைவு வளைவாகக் கோடுகள். “ஒரே நாள்ல ஒடிஞ்சது இல்ல இது. உள்ளுக்குள்ள கொஞ்சம் கொஞ்சமா விரிசல் நகந்து வந்திருக்கு. கடைசியில தாங்காம முறிஞ்சிருக்கு” என்றார். ஆலையில் எல்லோரும் சிரித்துப் பேசிக் கஞ்சி குடித்த நாட்களிலெல்லாம் தலைக்கு மேலே அது சத்தமில்லாமல் நகர்ந்துகொண்டிருந்திருக்கிறது. எனக்கு நிமிர்ந்து கூரையைப் பார்க்கப் பயமாக இருந்தது.

பிறகு ஓரத்தில் நகத்தளவு வெட்டியெடுத்து, உப்புத்தாளில் தேய்தேயென்று தேய்த்து முகம் தெரிகிற கண்ணாடியாக்கி, அதன்மேல் ஏதோ அமிலத்தைத் தடவிக் கழுவினார். பள்ளிக்கூடத்தில் நீங்கள் வெங்காயத் தோலை மைக்ராஸ்கோப்பில் பார்த்திருப்பீர்கள். அதற்கு வெளிச்சம் கீழிருந்து வரும், தோலை ஊடுருவி நம் கண்ணுக்கு ஏறும். இரும்புக்குள் வெளிச்சம் நுழையாது. அதனால் மேலேயிருந்து வெளிச்சத்தை இறக்கி, அது பட்டுத் திரும்பி வருவதைத்தான் பார்க்க வேண்டும். அமிலம் அரித்த பள்ளம் கறுப்பாகவும் அரிக்காத இடம் வெளுப்பாகவும் தெரியும். ஸ்டூலில் ஏறிக் கண்ணை வைத்தேன். வெறும் இரும்பு என்று நினைத்திருந்ததற்குள் வெடித்த வண்டல்போல ஒன்றையொன்று ஒட்டிய சின்னச் சின்னப் பாத்திகள்.

“இரும்பு நல்ல இரும்புதான். சூடேறின அடையாளமும் இல்ல. எண்ணெய்க்கும் இதுக்கும் சம்பந்தமே கிடையாது அண்ணாச்சி” என்றார் டீச்சர். அப்பா சுவரில் சாய்ந்துகொண்டார். அன்றைக்கு அவர் முதல்தடவையாக மூச்சு விட்டதுபோல இருந்தது.

“ஆனா இங்க பாருங்க” என்று அவர் அந்தத் துண்டைச் சற்றே நகர்த்தினார். அங்கே பாத்திகள் எல்லாம் மிதிபட்டதுபோல நசுங்கிக் கிடந்தன. நசுங்கிய பள்ளத்தின் அடியிலிருந்து கறுப்பு நூல்போல ஒரு விரிசல் கிளம்பி உள்ளே போனது. “யாரோ இந்த இடத்துல உளி வச்சு அடிச்சிருக்காங்க. அங்கதான் தொடங்கியிருக்கு.”

அப்பா கண்ணை வைத்துப் பார்த்தார். வெகுநேரம் எடுக்கவேயில்லை.

“நாந்தாம்மா.”

“எதுக்கு அண்ணாச்சி?”

அப்பா என்னைக் காட்டினார். “இவன் பேருக்கு மொத எழுத்து. பாத்திரத்துல பேரு வெட்டுத மாதிரி, ஆயுத பூசை அன்னைக்கு வெட்டினேன்.”

எங்கள் பக்கம் சீர்வரிசைக் குடத்திலிருந்து குட்டி டம்ளர் வரைக்கும் பேர் வெட்டாமல் வீட்டுக்குள் வராது. பூசையன்று எந்திரங்களைக் கழுவித் துடைத்துக் குங்குமம் வைக்கும்போது, சோறு போடுகிற இரும்பிலும் பிள்ளையின் பேர் இருக்கட்டும் என்று அப்பாவுக்குத் தோன்றியிருக்கிறது. என் பேர் பரமசிவம். ‘ப’ மூன்றே வெட்டில் முடிந்துவிடுகிற எழுத்து. அதன் கீழ்க்கோட்டோடுதான் தண்டு ஒடிந்திருந்தது. நான் மடியில் வைத்துக் கொண்டுவந்த துண்டில், தரையில்லாமல் நிற்கிற இரண்டு கால்கள் மட்டும் இருந்தன.

டீச்சர் மைக்ராஸ்கோப்பின் விளக்கை அணைத்தார். பிறகு, “மேல ஒரு வெட்டு இருந்ததுன்னுதான் எழுதுவேன். யாரு வெட்டினாங்கன்னு இந்தக் கண்ணாடி சொல்லாது” என்றார்.

அப்பா வாயை மூடிக்கொண்டால் போதும், அதோடு முடிந்தது. வளவுக்குத் திரும்பியதும், எண்ணெயில் குத்தம் இல்லை என்று நான் சொல்ல, அம்மா, “எண்ணெய் எண்ணெய்னாளுவளே, இப்ப எவ பேசுவா?” என்று வாசலில் நின்றே சத்தம் போட்டாள். அப்பா செருப்பைக்கூடக் கழற்றாமல் என் கையைப் பிடித்து நேரே எதிர்வீட்டுக்குள் நுழைந்தார். சாக்கைப் பிரித்து, சுந்தரம் மாமாவின் மனைவி செல்லக்கனி அத்தை முன்னால் இரும்பை வைத்து, எல்லாவற்றையும் சொன்னார்.

அத்தை அழவில்லை. அந்த இரண்டு கோட்டையும் விரலால் தடவியபடியே, “இத அவரு பாத்தாரா அண்ணே?” என்றாள்.

“ஏணியப் பிடிச்சதே அவருதான். எழுத்துக்குச் சந்தனமும் அவருதாம் வச்சாரு. ‘ப-ன்னா பரமசிவமா, பயந்தாங்கொள்ளியா?’ன்னு கேட்டுச் சிரிச்சாரு.”

அத்தையின் வாயோரம் ஒரு சிரிப்பு வந்து அப்படியே நின்றுவிட்டது. “இங்கனயே வச்சுட்டுப் போங்க” என்றாள்.

அப்பா ஆலையிலும் போய்ச் சொல்லிவிட்டு வேலையை விட்டு நின்றுகொண்டார். அந்த இரும்பு அத்தை வீட்டுக் கதவு சாத்திக்கொள்ளாதபடி வைக்கிற முட்டு ஆயிற்று. பள்ளிக்கூடம் போகும்போதும் வரும்போதும் என் எழுத்தின் இரண்டு கால்களும் தெருவைப் பார்த்து நிற்கும். வெள்ளிக்கிழமைதோறும் அத்தை அதைத் துணியால் துடைத்து, துருப்பிடிக்காமல் ஒரு சொட்டு எண்ணெய் விட்டுத் தேய்ப்பாள். எங்கள் அப்பா விடவில்லை என்று ஊரே சொன்ன அதே ஒரு சொட்டு. கோபத்தில் செய்தாளா, வேறு எதனாலா, எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்கத் தைரியம் வந்த வயதில் அத்தை தேவதானம் என்கிற ஊருக்கு, தம்பி வீட்டோடு போய்விட்டாள்.

இப்போது அந்த வளவு இல்லை. ஆலை இருந்த இடத்தில் கல்யாண மண்டபம் நிற்கிறது; பந்தியில் உட்கார்ந்தால் என் கண் இலையை விட்டுவிட்டுக் கூரைக்குத்தான் போகிறது. அப்பாவும் இல்லை. அந்த இரும்பு எந்தப் பழைய இரும்புக் கடைக்குப் போய், உருகி, யார் வீட்டுக் கம்பியாக நிற்கிறதோ.

போன வாரம் ஸ்ரீவில்லிபுத்தூரில் என் மகளுக்கு டிபன் பாக்ஸ் வாங்கினேன். கடைக்காரர் கையில் மின்சார ஊசியை எடுத்துக்கொண்டு, “என்ன பேரு வெட்டணும் பாப்பா?” என்றார். அவள் சந்தோஷமாகச் சொன்னாள். டிபன் பாக்ஸ் சுழலப்போவதில்லை, பாரம் தாங்கப்போவதில்லை, அதன் அடியில் யாரும் நிற்கப்போவதில்லை. எல்லாம் எனக்குத் தெரியும். அதனால் தடுக்கவில்லை. பஸ்ஸில் அதை என் மடியில்தான் வைத்துக்கொண்டேன்.

“என்னப்பா, எழுத்தையே தடவிக்கிட்டு வாரீங்க?” என்றாள்.

“ஒண்ணுமில்ல தாயி” என்று சொல்லிவிட்டு, அவள் ஜன்னல் பக்கம் திரும்பிய பிறகு, அதை மறுபடியும் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன்.