கடல் தொட்டிக்கு ஆட்டு மருந்து

கடைசி டீக்கடையும் பின்னால் போய்விட்டது. பொதட்டூர்பேட்டை சாலையில் நடந்துகொண்டிருந்தேன். முழங்கை வரை உப்பு காய்ந்து வெள்ளையாக வெடித்திருந்தது. கையை மடக்கும்போதெல்லாம் தோல் இழுத்தது. தோளில் ஒரு பை. அதில் இரண்டு லுங்கி, ஒரு சட்டை, ஒரு போர்வை, மீன் தொட்டியில் அழுக்கு உறிஞ்சுகிற ட்யூப் ஒன்று. ட்யூப் என்னுடையதல்ல. லாட்ஜ்காரர்களுக்கு இனி அது தேவைப்படாது என்று எடுத்து வந்துவிட்டேன். திரும்பினால் மலைமேல் முருகன் கோயில் விளக்கு தெரியும். நான் திரும்பவில்லை. அதைப் பார்ப்பதற்கென்றே பஸ் பஸ்ஸாக ஆட்கள் வருகிறார்கள்.

அன்று மதியம் வரை எனக்கு ஒரு படுக்கை இருந்தது. மலையடிவாரத்தில் ஒரு லாட்ஜ், அதன் மாடிப்படிக்குக் கீழே ஒரு பலகை, சுவரில் ஒரு சின்ன ஃபேன், இரண்டு வேளைச் சாப்பாடு. ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். செங்கல் சூளை, லாரி, ஓட்டல் எச்சில் தட்டு என்று எங்கெங்கோ கிடந்தவன். பஸ் ஸ்டாண்டில் படுத்து மழையில் நனைந்தால் இப்போதெல்லாம் இருமல் ஒரு மாதத்துக்குப் போவதில்லை. அதனால் அந்தப் பலகை எனக்கு வேண்டியிருந்தது. அந்தப் பலகையோ தொட்டியை நம்பி இருந்தது. தொட்டி உயிரோடிருக்கும் வரை நான் அங்கே படுக்கலாம். அதுதான் பேச்சு.

திருத்தணியில் கடல் இல்லை. வெயில் காலத்தில் குடிக்கிற தண்ணீருக்கே டேங்கர் லாரியை எதிர்பார்க்க வேண்டும். அந்த ஊரில் சுத்திகரித்த தண்ணீரில் உப்புப்பொடியைக் கலக்கிக் கடல் செய்தார் எங்கள் முதலாளி. சென்னையில் ஏதோ ஓட்டல் வரவேற்பறையில் உயிருள்ள பவளப்பாறை வளர்க்கிற தொட்டியைப் பார்த்துவிட்டு, அதே மாதிரி நம் லாட்ஜிலும் வேண்டும் என்று வந்தவர் அவர். பார்த்ததை வாங்குவதோடு அவர் வேலை முடிந்தது. அது எதைத் தின்னும், எப்படி மூச்சுவிடும் என்பதெல்லாம் வேலைக்காரன் பாடு. கொளத்தூரில் ஒரு மீன் கடையில் கொஞ்ச காலம் தொட்டி கழுவியவன் என்பதால் என்னைப் பிடித்துப் போட்டார்கள்.

லாட்ஜுக்கு வருகிறவர்கள் முதலாளிக்கு ஏற்றவர்கள். மொட்டை போட்டுத் தலையில் சந்தனம் தடவிக்கொண்டு இறங்கி வருவார்கள். அந்தச் சந்தனக் கையைக் கண்ணாடியில் அழுத்தி வைத்துக்கொண்டுதான் மீன் பார்ப்பார்கள். துடைத்துத் துடைத்து என் துணியெல்லாம் சந்தன வாசனை. ஒரு தடவை புத்தூர்ப் பக்கத்து ஆள் ஒருவர் மூடியைத் தூக்கி உள்ளே விபூதி தூவினார். “சேபலகு மஞ்சிதி” என்றார் தெலுங்கில். மீன்களுக்கு நல்லதாம். முதலாளி அவருக்கு ஒரு கும்பிடு போட்டார்.

முதலாளியின் மச்சான்தான் மேனேஜர். அவன் அக்காளை முதலாளி கட்டியிருந்தார். அதுவே அவனுடைய படிப்பு, அதுவே அனுபவம். முதலாளியை ‘பாவா, பாவா’ என்று சுற்றி வருவான். போனில் நாலு வீடியோ பார்த்துவிட்டு என்னிடம் வந்து பவளத்தைப் பற்றிப் பாடம் நடத்துவான். ஒரு நாள் சென்னைக்குப் போய்ப் பச்சை நிறத்தில் புதுப் பவளம் ஒன்று வாங்கி வந்தான். தனி வாளியில் சில நாள் போட்டுப் பார்த்துவிட்டு உள்ளே வைக்கலாம் என்றேன். “கொண்டாந்த பொருள வாசல்லயே நிறுத்துவியா? இன்னாய்யா நீ” என்று சொல்லிவிட்டு நேராகத் தொட்டியில் வைத்தான்.

அதோடு வந்தது தட்டைப்புழு. எள்ளை நசுக்கி ஒட்டியது போல இருக்கும், துருவின் நிறம். முதலில் ஒரு கல்லில் நாலைந்து. அப்புறம் தொட்டி முழுக்க இரும்புத்துரு பிடித்த மாதிரி ஆகிவிட்டது. பவளங்கள் சுருங்கின. முதலாளி அதைக் கண்டதே வெகு நாள் கழித்து, வந்த விருந்தாளி ஒருவர் “இது என்னங்க அழுக்கு” என்று கேட்ட பிறகுதான்.

நான் வேலை பார்த்த கொளத்தூர் கடைக்காரருக்குப் போன் போட்டோம். கவுண்டரில் போனை வைத்து, முதலாளி, மச்சான், நான் மூன்று பேரும் கேட்டோம். யாரும் பிறகு ‘எனக்குத் தெரியாது’ என்று சொல்லிவிடக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன்.

“மருந்து இன்னான்னா, ஆட்டுக்கு ஊத்தற குடல்புழு மருந்துதான்” என்றார் கடைக்காரர். “மாட்டு மெடிக்கல்ல கெடைக்கும். கண்ணாடிய அளந்து கணக்கு போடாதீங்க. கல்லு, மண்ணு போக உள்ள எவ்ளோ தண்ணி நிக்குதோ, அதுக்குத்தான் மருந்து. மொதல்ல ட்யூப் வச்சி எவ்ளோ புழு உறிஞ்ச முடியுமோ உறிஞ்சி வெளிய கொட்டிடுங்க. ஏன்னு கேளுங்க.”

“ஏன்?” என்றான் மச்சான்.

“புழு சாவும்போது வெசத்த கக்கும் தலைவா. சரியான அளவுல மருந்து மீன ஒண்ணும் பண்ணாது. செத்த புழுவோட வெசம்தான் கொல்லும். அதனால புழு உதிர ஆரம்பிச்ச ஒடனே வெசத்த இழுக்கற கரிப்பைய ஃபில்டர்ல எறக்கணும். உப்புத்தண்ணி ரெடியா கலக்கி வச்சிருந்து பாதிய மாத்தணும். லேட் பண்ணக் கூடாது.”

“லேட் பண்ணா?”

“பண்ணா எனக்கு போன் பண்ணாதீங்க.”

மருந்து வந்தது. பாட்டிலின் மேல் ஆட்டுப் படம். தொட்டியை நிரப்பியவன் நான்தான், கல் வைத்த பிறகு எத்தனை குடம் போனது என்று சொன்னேன். கடைக்காரர் அதை வைத்து, சிரிஞ்சில் எந்தக் கோடு வரை என்று சொன்னார். மேலே ஒரு சொட்டு கூடாது, புழு மிச்சமிருந்தால் சில நாள் விட்டு மறுபடி ஊற்றலாம் என்றார். முதலில் ஒரு வாளியில் பார்க்கச் சொன்னார். புழு ஒட்டிய கல் ஒன்று, இறால் ஒன்று, அதற்குத் தகுந்த மருந்து. புழுக்கள் சுருண்டு விழுந்தன. விழுந்ததும் கல்லை நல்ல தண்ணீருக்கு மாற்றினேன், இறாலையும் மாற்றினேன். மறுநாளும் அது மீசையை ஆட்டிக்கொண்டிருந்தது. அளவில் தப்பில்லை.

செவ்வாய்க்கிழமை காலையிலேயே செய்துவிடலாம் என்றேன், நாள் முழுக்க வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டிருக்கலாம். செவ்வாய் முதலாளிக்குப் பிடித்தது, அது முருகனுக்கு உகந்த நாள். காலை பிடிக்கவில்லை. சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்து, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கௌரி நல்ல நேரம் என்று முடிவு செய்தார். ஆட்டு மருந்தைக் குட்டித் தட்டில் வைத்து, தொட்டிக்குச் சூடம் காட்டினார். தொட்டியில் இருந்த கோமாளி மீன் இரண்டும் கற்பூர வெளிச்சத்தைப் பார்த்து ஏதோ தீனி என்று கண்ணாடிக்கு வந்தன. அந்த இடத்தில் ஓரளவுக்காவது அறிவோடு நடந்துகொண்டவை அவைதான்.

உறிஞ்ச முடிந்த புழுவை எல்லாம் காலையிலேயே உறிஞ்சிக் கொட்டியிருந்தேன். நுரை எடுக்கிற மெஷினை நிறுத்தினேன். மருந்தைத் தண்ணீரில் கரைத்து, மோட்டார் தள்ளுகிற இடத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினேன். கரிப்பை கழுவி வாளியில் தயாராக இருந்தது. டிரம்மில் உப்புத்தண்ணீர் தயார். மச்சான் நாற்காலியில் உட்கார்ந்து போனில் வீடியோ எடுத்தான்.

கொஞ்ச நேரத்தில் புழுக்கள் சுருள ஆரம்பித்தன. அப்புறம் கல்லை விட்டு உதிர்ந்தன. நான் உறிஞ்சியது எவ்வளவு குறைவு என்று அப்போதுதான் தெரிந்தது. கல்லுக்குள்ளிருந்தும் பின்பக்கத்திலிருந்தும் பழுப்பாக, மரம் இலை உதிர்ப்பது போலக் கொட்டிக்கொண்டே இருந்தது. கரிப்பையை எடுத்துக்கொண்டு ஃபில்டர் இருக்கிற கீழ் அலமாரியைத் திறக்கக் குனிந்தேன்.

“இருய்யா, இரு. மணி மூணு” என்றான் மச்சான்.

“அதுக்கு?”

“செவ்வாக்கெழம. மூணு டு நாலர ராகு காலம். பாவா, இவன் புதுசா கரி போடப் போறான்.”

முதலாளி சோபாவில் நிமிர்ந்து உட்கார்ந்தார். “ராகு காலத்துல எதுவும் ஆரம்பிக்கக் கூடாது. நாலரைக்கு மேல போடு.”

“ஆரம்பிக்கல மொதலாளி, முடிக்கறேன். இத்தோட வேல முடிஞ்சிது.”

“முடிக்கறதும் கூடாது. மலைக்குக் கீழ ஒக்காந்துகினு இது கூடத் தெரியாதா?”

“புழு ராகு காலம் பாத்தா சாவுது? வெசம் கக்கிக்கினு இருக்குது மொதலாளி.”

“ஆங், பேசு. நீதான் பெரிய டாக்டரு” என்று மச்சான் எழுந்து வந்தான். அலமாரியைப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். டிரம்மின் மேல் உட்கார்ந்துவிட்டான். என்னைப் போல இரண்டு மடங்கு எடை. அவனைத் தூக்கிப் போட்டுவிட்டு வேலையைச் செய்ய என்னால் ஆகாது. மூடியைத் திறந்து மேலே மிதந்த புழுவை மட்டும் ட்யூபால் உறிஞ்சிக்கொண்டிருந்தேன். ஒரு வாளி எடுத்தால் ஐந்து வாளிக்கு உதிர்ந்தது.

முதலில் இறால் மல்லாந்தது. பிறகு பவளங்கள் கோழை கோழையாக வடித்தன. தண்ணீர் ஆறிய டீ போல ஆனது. கோமாளி மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. கண்ணாடிக்கு வெளியே சந்தனத் தலையோடு நின்ற ஒரு குடும்பம், மீன் தங்களைப் பார்த்துப் பேசுகிறது என்று செல்ஃபி எடுத்தது. முதலாளி அவர்களைப் பார்த்துச் சிரித்தார். கடிகாரம் சுவரில் ஓடிக்கொண்டிருந்தது. அதைத் தவிர அந்த அறையில் யாருக்கும் அவசரமில்லை.

நாலரை ஆனதும் மச்சான் சாவியைக் கொடுத்தான். “இப்ப போடு, நல்லா போடு.” கரியைப் போட்டேன். பாதித் தண்ணீரை மாற்றினேன். மீன்கள் இரண்டும் அதற்கு முன்பே ஒரு மூலையில் ஒதுங்கிவிட்டிருந்தன, வயிறு மேலாக. பச்சைப் பவளம் கையோடு பிய்ந்து வந்தது. நாற்றம் வரவேற்பறையிலிருந்து படியேறியது. முதல் மாடியிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்து “எலி செத்துருக்குதா?” என்று கேட்டார்.

இப்போது காரணம் தேவைப்பட்டது. காலண்டர் தப்பு செய்யாது. முதலாளி தப்பு செய்ய மாட்டார். மச்சானுக்கோ அக்கா இருந்தாள்.

“பாவா, நேத்து இவன் அரக்கோணம் போய் பிரியாணி துன்னுட்டு வந்தான். அதே கையத்தான் தொட்டில உட்டான். சூடம் காட்டுன எடத்துல.”

முதலாளி என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் கோபமில்லை, நிம்மதி வந்திருந்தது. “துன்னியா?”

“துன்னேன். கை கழுவிட்டுத்தான் வந்தேன்.”

“கழுவுனா போயிடுமா?” என்றான் மச்சான்.

முதலாளி குரலைத் தாழ்த்தினார், பெருந்தன்மையாக. “தோ பாரு. உன்ன வெளிய அனுப்பணும்னு எனக்கு இல்ல. தப்பு என் மேலதான்னு ஒத்துக்கோ. கீழ கடையில ஒரு மொட்ட போட்டுக்கோ, மேல போய் ஒரு சூடம் ஏத்திட்டு வா. புதுத் தொட்டி வைக்கலாம். நீயே பாத்துக்கோ. படுக்கை, சோறு எல்லாம் அப்டியே.”

நான் யோசித்தேன். யோசிக்கவில்லை என்று சொன்னால் பொய். மேகம் மூடியிருந்தது. பலகையும் ஃபேனும் பத்தடியில் இருந்தன. ஒத்துக்கொண்டால் போதும், யாருக்கும் நஷ்டமில்லை, மீன்கள் எப்படியும் செத்துவிட்டன. ஆனால் மச்சான் என் தலையை, நாளைக்கு மழித்த பிறகு எப்படி இருக்கும் என்று பார்க்கிறவன் போலப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பார்வையைத் தினமும் மாடிப்படிக்குக் கீழே படுத்துக்கொண்டு பார்க்க வேண்டும். அடுத்த தொட்டியையும் இந்த இருவரும் காலண்டரைப் பார்த்துக் கொல்வார்கள். அதற்குள் என் தலையில் மறுபடி மழிக்க முடி முளைத்திருக்குமா என்பதுகூடச் சந்தேகம்.

“ஆளக் கூப்டு மொட்ட போடுங்க” என்றேன். “உங்க தொட்டிக்கு.”

“திமிரப் பாரு பாவா” என்றான் மச்சான்.

நான் பையை எடுத்துக்கொண்டேன். ட்யூபையும். வாசலில் இன்னொரு குடும்பம் அறை கேட்டு நின்றது. நாற்றம் என்னவென்று கேட்டார்கள். மச்சான் “கடல் வாசன சார், ஒரிஜினல்” என்றான்.

அப்படித்தான் அந்தச் சாலைக்கு வந்தேன். பாதி வழியில் மழை பிடித்தது. பின்னால் வந்த டவுன் பஸ் நின்றது, ஏறிக்கொண்டேன். பொதட்டூர்பேட்டை பஸ் ஸ்டாண்டில் சிமென்ட் பெஞ்சில் படுத்தேன். கூரை ஒழுகியது. இருமல், எதிர்பார்த்தபடி, விடிவதற்கு முன்பே வந்துவிட்டது.

காலையில் தறிச் சத்தம் கேட்கிற தெருக்களில் வேலை கேட்டு நடந்தேன். லுங்கி நூலுக்குச் சாயம் போடுகிற ஒரு கொட்டகையில், சாயத் தொட்டியின் முன்னால் நின்ற அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தாள். முழங்கை வரை நீலமாக இருந்த கையை இடுப்பில் வைத்திருந்தாள்.

“கையில இன்னா அது, வெள்ளையா?”

“உப்பும்மா.”

“இங்கயும் உப்புதான். சாயத்துல கொட்டணும், மூட்டை தூக்கணும். முடியுமா, இருமிக்கினே நிக்கிறியே?”

“முடியும். படுக்க எடம் வேணும்.”

“நூல் மூட்ட மேல படு. ஈரம் பண்ணாத.” தொட்டியில் கழியை விட்டுக் கிளறினாள். “கலரு புடிச்சதும் நான் எடுன்னு சொல்வேன். ஒடனே எடுக்கணும். டீ குடிக்கறேன், பீடி குடிக்கறேன்னு நின்னா நூலு போச்சி.”

“ராகு காலமா இருந்தா?”

அவள் கிளறுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். “லூசா நீ? தூக்குய்யா அந்த மூட்டைய.”

மூட்டையைத் தூக்கினேன். பக்கத்துப் பலகையில் சாயப்பொடி சின்னச் சின்னப் பொட்டலமாக மடித்து வைத்திருந்தது. எல்லாம் கிழித்த காலண்டர் தாள். மேலே கிடந்த பொட்டலத்தில் நேற்றைய தேதி, செவ்வாய், அதன் கீழே நல்ல நேரம், ராகு காலம். அவள் அதைப் பிரித்துப் பொடியைத் தொட்டியில் கொட்டி, தாளைக் கசக்கி அடுப்பில் போட்டாள்.