மலை பார்த்த மீன்கள்

அப்பா முதலில் மரக்காணம் பக்கம் ஒரு இறால் பண்ணையில் வேலை பார்த்தார். வருடத்துக்கு இரண்டு முறை வீட்டுக்கு வருவார். அங்கே பக்கத்துப் பண்ணைக்காரர் நோய் விழுந்த குளத்தின் தண்ணீரைச் சத்தமில்லாமல் கழிமுகத்து ஓடையில் திறந்துவிட்டார். அது தெரியாமல் அப்பாவின் பண்ணையில் பம்பு வைத்து அதே தண்ணீரை உள்ளே இழுத்துக்கொண்டார்கள். இறால் அத்தனையும் செத்தது, பண்ணையையும் மூடிவிட்டார்கள். எங்கள் ஊரான அடி அண்ணாமலைக்குத் திரும்பிய அப்பா, கிரிவலப் பாதையை ஒட்டிய எங்கள் நிலத்தில் குளம் வெட்டி, போர்வெல் தண்ணீர் விட்டு, கட்லா மீனும் ரோகு மீனும் வளர்த்தார். “இது நல்லபடியா வித்துட்டா இனிமே நான் எங்கயும் போவ மாட்டேன் பாப்பா” என்று என்னிடம் சொல்லியிருந்தார். இரண்டாம் வகுப்பில் படித்த எனக்கு அதற்கு மேல் உலகத்தில் ஒன்றும் வேண்டியிருக்கவில்லை.

தினமும் காலையில் அவர் குளத்தில் முழங்கை வரை கையை விட்டு, உள்ளங்கை தெரிகிறதா என்று பார்ப்பார். பிறகு தண்ணீரைக் கொஞ்சம் அள்ளி முகர்வார். அதை ஏதோ பூஜை என்று நினைத்துக்கொண்டு நானும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து முகர்ந்து பார்ப்பேன்.

சித்தப்பாவின் மூளையே தனி. மலையைச் சுற்ற வருகிறவர்கள் குளத்தோரம் நின்று வேடிக்கை பார்ப்பதைக் கவனித்தவர், ஒரு மேசையைப் போட்டுப் பொரிப் பொட்டலம் விற்க ஆரம்பித்தார். ‘மீனுக்குப் பொரி, தீரும் பாவம்’ என்று ஒரு போர்டும் வைத்தார். அந்த மீன்கள் சந்தைக்குப் போகிறவை என்பதைப் போர்டில் எழுத இடமில்லை போலும்.

அந்தப் பௌர்ணமிக்குச் சில நாட்கள் முன்பிருந்தே வானம் மூடிக்கிடந்தது.

“வெயில் இல்லாதப்ப தீனியே கம்மி பண்ணணும்டா. தண்ணி கெட்டுடும்” என்றார் அப்பா.

“வர்ற ஜனங்கள எப்படிண்ணா வேணாங்கறது? ஜாஸ்தி போட மாட்டாங்க” என்றார் சித்தப்பா. நிலத்தில் அவருக்கும் பாதி.

பௌர்ணமி ராத்திரி முழுக்கப் பொரி விற்றது. மறுநாள் விடிந்தபோது குளக்கரையில் ஒரே கூட்டம். நான் பல்கூட விளக்காமல் ஓடினேன். குளத்து மீன்கள் அத்தனையும் மேலே வந்திருந்தன. எல்லாம் தலையைத் தூக்கி, வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. எதிரே மலை. “பாருங்க, மலையப் பாத்து நாமம் சொல்லுதுங்க!” என்று ஒரு அம்மாள் கத்தினார். அவ்வளவுதான், அரோகரா கோஷம் எழுந்தது. செல்போன்கள் உயர்ந்தன. யாரோ கரையில் கற்பூரம் ஏற்றினார்கள். பொரி மழையாகக் கொட்டியது. எங்கள் மீன் என்ற பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

அப்பா மோட்டாரைப் போட ஓடினார். பௌர்ணமிக் கடைகளில் இன்னும் அணைக்காத விளக்கெல்லாம் சேர்ந்து கரண்ட்டை இழுத்துக்கொண்டதில் மோட்டார் முனகியதே தவிர தண்ணீர் எடுக்கவில்லை. அவர் ஒரு பலகையைப் பிடுங்கிக்கொண்டு குளத்தில் குதித்துத் தண்ணீரை ஓங்கி ஓங்கி அடித்தார். அடித்த பக்கம் மீன்கள் சிதறின.

“பொரி போடாதீங்க! அதுங்களுக்கு மூச்சு முட்டுதுங்க! காத்து வேணும்!”

“சாமி பாக்க வந்த உசுருங்கள வெரட்டுறியே, நீயெல்லாம் நல்லா இருப்பியா?” என்றார் அதே அம்மாள். இரண்டு பேர் இறங்கி அப்பாவின் தோளைப் பிடித்துக் கரைக்கு இழுத்தார்கள். அவர் திமிறினார். பலகை தண்ணீரில் மிதந்து போனது. சித்தப்பா போர்டைக் கழற்றிக்கொண்டு எங்கேயோ போய்விட்டார். நான் அம்மாவின் புடவைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதேன். எல்லோரும் கும்பிடும்போது அப்பா மட்டும் ஏன் இப்படிச் செய்கிறார் என்றுதான் அழுதேன்.

மதியத்துக்குள் குளம் வெள்ளையாகிவிட்டது. வயிறு மேலே தெரிய எல்லாம் மிதந்தன. “கொடுத்து வச்ச மீனுங்க, மோட்சம் கெடச்சிடுச்சு” என்று சொல்லிவிட்டு ஜனங்கள் நடையைக் கட்டினார்கள். நாற்றம் எழுவதற்குள் அப்பாவும் அம்மாவும் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டு மூடினார்கள். வேலை முடிந்ததும் அப்பா குளத்தில் கையை விட்டுப் பார்த்தார். அன்று அவர் முகர்ந்து பார்க்கவில்லை.

அந்த வாரமே கடலோரத்தில் வேறொரு பண்ணைக்குக் கிளம்பினார். பஸ் ஸ்டாண்டில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டேன்:

“அங்க இருக்கற எறாலுங்களும் சாமி பாக்குமாப்பா?”

“அங்க மலை இல்ல பாப்பா” என்றார் அப்பா.

பஸ் போன பிறகும் நான் அந்த இறால்களையே நினைத்துக்கொண்டிருந்தேன். மலையே இல்லாத ஊரில் பிறந்துவிட்டனவே என்று எனக்கு அவற்றின் மேல் பாவமாக இருந்தது.