ஜப்பான் சாடியும் நான் சொன்ன யெஸ்ஸும்

அமெரிக்காவில், இர்விங்கிலிருந்து ரயிலேறிப் போய் ஒரு மியூசியத்தில் ஒன்பது வருடம் துடைக்கிற வேலை பார்த்தேன். ஐந்தாவது வரைதான் படிப்பு. ஆனால் நான் துடைத்த கண்ணாடியில் ஒருத்தர்கூட குறை சொன்னதில்லை. ஒரே ஒரு நாள் சொன்னார்கள்.

ஜப்பான் அறையில் பழைய தேயிலைத்தூள் சாடி ஒன்று உண்டு. கல் மாதிரி இறுகச் சுட்ட மண், தந்த மூடி, கைக்குள் அடங்கிவிடும். தோளிலிருந்து கறுப்பு மெருகு ஒரு சொட்டு வழிந்து பாதியில் நிற்கும். பூட்டிய பெட்டிக்குள் இருக்கும். வெளிக்கண்ணாடி மட்டும்தான் என் வேலை.

அன்று காலையில், சாடியின் விளிம்பு பெயர்ந்திருக்கிறது என்று அந்த அறை அதிகாரியம்மா என்னைக் கூப்பிட்டார். பக்கத்தில் எங்கள் சூப்பர்வைசர் ரவி, சென்னைக்காரர்.

"யூ டிட்ன்ட் டச் இட்?"

"யெஸ் மேடம்" என்றேன். "நீங்க தொடலைல்ல?" என்றால் "ஆமா, தொடலை" என்போமே, அந்த ஆமா அது. அந்தம்மாவுக்கு அது "தொட்டேன்" என்று கேட்டிருக்கிறது. வேலை இல்லை என்று பேட்ஜைக் கழற்றி மேஜைமேல் வைக்கச் சொல்லிவிட்டார். ரவி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

வெளியே வந்ததும் ரவியைக் கேட்டேன். "நான் சொன்னது உனக்குப் புரியலையா?"

"புரிஞ்சுது ஆன்ட்டி. மேடம் செம கோவத்துல இருந்தாங்க. நடுவுல பேசினா என் வேலையும் போயிடும்."

"உன் வேலை போகக்கூடாது, என் மானம் போகலாம், அப்படித்தானே? வா உள்ளே. நான் சொல்றதை அப்படியே இங்கிலீஷ்ல சொல்லு. ஒரு வார்த்தை முழுங்கினே, பாத்துக்கோ."

உள்ளே போய், "பெட்டிச் சாவி யாருகிட்ட இருக்குன்னு கேளு" என்றேன். கேட்டார். சாவி அந்தம்மா இடுப்பிலேயே தொங்கியது.

"ஒவ்வொரு சாமானும் வந்த அன்னைக்கே போட்டோ எடுக்கிறாங்களே, அதைப் பாக்கச் சொல்லு."

அந்தம்மா கம்ப்யூட்டரில் தேடினார். போட்டோவிலும் அதே இடத்தில் அதே பெயர்ப்பு.

"ஓ" என்றார். அவ்வளவுதான். பேட்ஜை மேஜைமேல் தள்ளினார். நான் எடுக்கவில்லை. "கையில குடுக்கச் சொல்லு" என்றேன். எழுந்து வந்து கையில் கொடுத்தார்.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களே, வெறும் யெஸ், நோ என்று நிறுத்தாதீர்கள். "ஐ டிட் நாட் டச்" என்று முழுசாகச் சொல்லுங்கள். பக்கத்தில் நம்மவர் நிற்கிறார், எடுத்துச் சொல்வார் என்று சும்மா இருந்துவிடாதீர்கள். அந்தம்மா மேல் இருந்த கோபம் பேட்ஜ் கைக்கு வந்ததும் தீர்ந்தது. ரவி மேல் இருப்பது இன்னும் தீரவில்லை.