எரியும் கிராமமும் என் கொட்டாவியும்

ஒரு படத்தைப் பார்த்துக் கொட்டாவி விட்டதற்காக என் நண்பன் என்னை அடித்தான். கண்டி வாவிக்கரையில், பட்டப்பகலில், ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு நடுவில். இரண்டு பேருக்கும் நாற்பது தாண்டியிருந்தது.

அவன் ஆசிரியர். கெலிஓயாவில் ஒரே வகுப்பில் படித்தவர்கள் நாங்கள். மாதம் ஒருமுறை டவுனில் ஒரு மண்டபத்தில் உலகப் படங்கள் போடுவான். இருபது கதிரை நிறைந்தால் அவனுக்குத் திருவிழா. அந்தப் படத்தைப் பற்றிப் பல வருஷமாகப் பேசிக்கொண்டிருந்தான். கறுப்பு வெள்ளை. உலகமே தலையில் வைத்துக் கொண்டாடிய படமாம். ஒரு கும்பல் ஒரு கிராமத்தை எரிக்கிறது, அவ்வளவுதான் கதை.

"நீ கட்டாயம் வரணும்டா. நீதான் பார்க்கணும்" என்றான்.

ஏன் நான்தான் என்று எனக்குத் தெரியும். அலவத்துகொடப் பக்கத்தில் நான் வேலை செய்த புடவைக்கடையைக் கலவரத்தில் எரித்தார்கள். அப்போது நான் உள்ளே இருந்தேன். அதைப் பற்றி யாரிடமும் நான் வாய் திறந்ததில்லை, அவனிடம்கூட.

படம் ஓடியது. ஒரு கிழவனை இழுத்துவந்து மண்வெட்டியால் அடிக்கிறார்கள். சத்தமே இல்லை. கமரா தூரத்தில் அசையாமல் நிற்கிறது. அப்புறம் கூரைகள் ஒவ்வொன்றாகப் பற்றுகின்றன. புகை பட்டுத் துணி மாதிரி மெல்ல விரிகிறது. முன்வரிசையில் ஒரு பெண் விம்மினாள். நான் எனக்கு ஏதாவது ஆகும் என்று காத்திருந்தேன். முதுகுதான் வலித்தது. இரண்டு தரம் கொட்டாவி வந்தது.

விளக்குப் போட்டதும் எல்லாரும் படத்தைப் பற்றிப் பேசினார்கள். கடைசியில் அவன் என்னைக் கைகாட்டி, "நம்மில இவருக்குத்தான் இது உண்மையா தெரியும். சொல்லுங்க" என்றான்.

எழுந்தேன். "எனக்கு ஒண்ணும் தோணல. கொஞ்சம் தூக்கம் வந்துச்சு" என்றேன்.

யாரோ சிரித்தார்கள். அவன் முகம் செத்துப்போனது.

வெளியே வந்ததும் பின்னால் ஓடிவந்து என் காலரைப் பிடித்தான். "நீ மனுஷனாடா? கல்லா?" கன்னத்தில் அறைந்தான். நான் தள்ளினேன். மறுபடி அறைந்தான். அதற்கு மேல் எனக்குப் பொறுக்கவில்லை. நெற்றியால் அவன் மூக்கில் இடித்தேன். எலும்பு நொறுங்குவது என் தலைக்குள் கேட்டது. விழுந்தவனின் மேல் ஏறி உட்கார்ந்து குத்தினேன். கடலை விற்கிறவரும் இன்னொருவரும் என்னைப் பிய்த்து எடுத்தார்கள். என் விரல் முட்டியில் அவனுடைய பல் பதிந்திருந்தது.

இரண்டு பேரையும் ஒரே த்ரீவீலில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அவன் கைலேஞ்சியை மூக்கில் அழுத்திக்கொண்டு அழுதான்.

"நீ எதுவுமே சொல்ல மாட்டேங்கிற. கடை எரிஞ்ச அன்னைக்கு நான் வீட்டுக்குள்ள பூட்டிக்கிட்டு ஒனக்கு போன் அடிச்சுக்கிட்டே இருந்தேன். படத்தைப் பார்த்தாலாவது நீ பேசுவேன்னு நெனச்சேன்."

அப்போதுதான் சொன்னேன்.

"அங்க அமைதியே இல்லடா. எல்லாரும் சிரிச்சாங்க. முதலாளி 'தம்பி, ஷட்டரப் போடுங்க'ன்னு கத்தும்போதே கல்லு அவர் வாயில விழுந்திருச்சு. பல்லோட ரத்தத்தைத் துப்பினார். உள்ள பூந்தவங்கள்ல ஒருத்தனுக்கு நான் போன மாசந்தான் சட்டை எடுத்துக் குடுத்தேன். அவன் ஒரு சட்டைய எடுத்து நெஞ்சில வச்சுப் பார்த்தான். 'இதுல எக்ஸ்எல் இல்லையா?'ன்னு என்னையே கேட்டான். எப்பவும் கேக்கிற மாதிரி, மரியாதையா. நானும் மேல்தட்டைக் காட்டினேன். எடுத்துக்கிட்டான். அப்புறம் துணி அளக்கிற இரும்புக் கம்பிய எடுத்து என் காதோட சேர்த்து அடிச்சான். அடிச்சுக்கிட்டே இருந்தான். நைலோன் சேலையெல்லாம் எரிஞ்சு உருகி மேலயிருந்து சொட்டுது. முதலாளி முதுகில ஒட்டிக்கிச்சு, அவர் அலறுறார். நான் அவரை இழுக்கிறேன், தோல் கையோட வருது."

த்ரீவீல்காரர் கண்ணாடியில் எங்களைப் பார்ப்பதை நிறுத்திவிட்டார்.

"ஒன் படத்தில நெருப்பு அழகா இருந்துச்சு," என்றேன். "அதுக்கு நான் என்ன செய்ய?"

ஆஸ்பத்திரியில் நர்ஸ் எப்படி அடிபட்டது என்று கேட்டார். "படிக்கட்டில விழுந்தோம்" என்றான். இரண்டு பேருமா என்று கேட்டுவிட்டு எழுதிக்கொண்டார்.

அவன் மூக்கு இன்றும் சற்றுக் கோணல்தான். அந்தப் படத்தை இன்றும் அவன் மகத்தான படம் என்கிறான். இருக்கலாம். ஒருநாள் அவன் வீட்டில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் இன்னொரு தடவை பார்த்தோம். முதலாளியை நினைத்துக்கொண்டே பார்த்தேன். அப்போதும் ஒன்றும் ஆகவில்லை. அவன் பக்கத்தில் உட்கார்ந்து அழுதான். இந்தத் தடவை என்னை எதுவும் கேட்கவில்லை. அழுது முடிக்கும்வரை நான் எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்தேன்.