படம் இல்லாத கடிதம்

இந்த மலாயாவில் பள்ளிக்கூடம் நடக்கும்போது சத்தமே கேட்பதில்லை. முதல் நாள் இன்றைக்கு லீவு போல என்று நினைத்து, என் மகள் கோமதியை வாசலிலிருந்தே திருப்பிக் கூட்டி வந்துவிட்டேன். தென்காசியில் நாங்கள் ஆனா ஆவன்னா என்று போட்ட கூப்பாட்டுக்குத் தெருவில் போகிற வண்டிமாடு மிரளும். மணலில் எழுதி எழுதி விரல்தோல் உரியும். சாரல் விழுதே என்று குற்றாலத்துக்கு ஓடிப்போனால் மறுநாள் முட்டியில் அடி விழும். அந்தப் பாடு என் பிள்ளைக்கு வேண்டாம் என்றுதான் இருந்தேன்.

நான் ரப்பர் தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதுகிற கிராணி. என் மனைவி உலகம்மாள் பிரசவத்துக்கு ஊருக்குப் போனாள். பிள்ளை தங்கவில்லை, அவளுக்கும் உடம்பு தேறவில்லை. இரண்டு வருஷமாக அங்கேயே கிடக்கிறாள். கோமதியை அனுப்பச் சொல்லி அழுதாள். படிப்பு கெடும் என்று நான்தான் பிடித்து வைத்துக்கொண்டேன். இங்கே புது முறை. எழுத்து எழுத்தாகக் கிடையாது, படமும் அடியில் சொல்லும் போட்ட அட்டையைக் காட்டி முழுச் சொல்லாகச் சொல்லித்தருவார்கள். மூன்றே மாதத்தில் கோமதி பாடப்புத்தகத்தைக் கடகடவென்று வாசித்தாள். ஊருக்குப் பீற்றி எழுதினேன்.

உலகம்மாளுக்கு ரோஷம் வந்துவிட்டது. எழுத்தறியாதவள், பக்கத்து வீட்டு டீச்சரம்மாவிடம் அரிச்சுவடி படித்துத் தன் கையாலேயே கடிதம் எழுதிவிட்டாள். "என் பிள்ளைதான் வாசிக்கணும், நீங்க வாசிச்சுக் காட்டாதீங்க" என்று மேலே ஒரு வரி.

கோமதி தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இதுல படம் இல்லையேப்பா."

பாடப்புத்தகத்தை எடுத்துப் படத்தை உள்ளங்கையால் மூடினேன். "வாசிட்டி" என்றேன். என் கையை விலக்கப் பார்த்தாள். அத்தனையும் படம் பார்த்துச் சொன்ன மனப்பாடம்!

பள்ளிக்கூடத்துக்கு ஓடினேன். வாத்தியார் யாழ்ப்பாணத்துக்காரர், நல்ல மனுஷர். "ஐயா, எங்க ஊரு மாதிரி எழுத்து சொல்லிக்குடுக்கப்படாதா?" என்று கேட்டேன். "நாங்கள் இங்கை பிள்ளைகளுக்கு அடிக்கிறேல்லை" என்றார். நான் அடிக்கவா சொன்னேன்? எங்கள் ஊர் என்றாலே அவருக்குப் பிரம்புதான் ஞாபகம் வருகிறது. வாதாடத் தெம்பில்லாமல் திரும்பிவிட்டேன்.

பிறகு ஆபீஸ் விட்டு வந்ததும் தாம்பாளத்தில் அரிசியைப் பரப்பி நானே ஆனா போட்டேன். எந்த முறையைத் திட்டினேனோ, அதே முறைதான். இரண்டு மாதம் அவளும் அழுதாள், நானும் கத்தினேன். நேற்று அந்தக் கடிதத்தை எடுத்து ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டி அவளே வாசித்தாள். "கோமதி, அம்மாவுக்கு சொகமாயிட்டு. வீட்டுக்கு எப்பம் வருவ?"

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவளோ எழுந்து போய்ப் பள்ளிக்கூடத்து அட்டை ஒன்றைக் கொண்டு வந்தாள். 'வீடு' என்று போட்டு, தகரக் கூரையும் பலகைச் சுவரும் பின்னால் ரப்பர் மரங்களுமாக ஒரு படம்.

"நாம வீட்டுலதான இருக்கோம்? அம்மாதான வரணும்?" என்றாள். "இதையும் கடிதத்துல வச்சு அனுப்புங்கப்பா. அம்மாவுக்கு அடையாளம் தெரியணும்லா."

உலகம்மாள் கேட்ட வீடு தென்காசி வீடு. பதில் கடிதத்து உறையை இன்னும் ஒட்டவில்லை. அட்டை வெளியேதான் கிடக்கிறது.